நான் போகாத சிங்கப்பூர்

முதலில் வலது கை நடுங்கியது. ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில், நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு திருகாணியைப் பொருத்த முடியாமல் நின்றேன். காலையில் ஒரு மிடறு சம்சு உள்ளே இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும். அந்த மட்டச் சாராயத்தை மருந்து என்றே நம்பினேன். என்ன புத்தியோ!

பிறகு வேலையிடத்திலேயே விழுந்தேன். ஈப்போ மருத்துவமனையில் டாக்டரம்மா அதைக் குடிவிலகல் வலிப்பு என்றார் (குடிக்குப் பழகிய உடம்பு, அது கிடைக்காதபோது வெட்டி இழுப்பது). "நீங்களா வீட்ல நிப்பாட்டாதீங்க, உயிருக்கே ஆபத்து. எங்கயாவது தங்கி வைத்தியம் பாருங்க."

ஆயர் தாவார் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே வெள்ளைக்காரத் துரையின் பழைய பங்களா ஒன்று மறுவாழ்வு இல்லமாகியிருந்தது (குடியை விட வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கும் இடம்). அங்கே சேர்ந்தேன். என்னை வளர்த்த அக்கா அப்போது தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டா. வாயத் தொறந்துறாத."

இல்லத்தில் குடும்பத்தார் வந்து பார்க்கும் நாள் உண்டு. ஒருவரைப் பார்க்கப் பக்கத்து வீட்டுச் சீனர்கூட வந்தார். எனக்கு ஒரு நாதி இல்லை. சிங்கப்பூரில் இருப்பவனை ஆயர் தாவாரில் வந்து பார்க்க முடியுமா? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

இல்லத்தை நடத்தியவரும் ஒரு காலத்தில் குடித்தவர்தான். "மறைச்சு மறைச்சுத்தான் இங்க வந்து சேர்ந்தீங்கண்ணே. வெளிய போயும் மறைச்சா, போத்தல் தானா கைக்கு வந்துரும்லா" என்றார். பிரசங்கம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வைத்தியம் முடிந்து, அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வீட்டுக்கு வந்தேன். ஈப்போவிலேயே வாங்கிய சாக்லேட்டும் தைலமும் அடங்கிய பையை அக்கா என்னிடம் நீட்டினாள். சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்ததாகச் சொல்லி மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தேன், வெட்கங்கெட்டு.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள் வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்தார்கள். நான் எங்கே இருந்தேன் என்று நன்றாகத் தெரிந்த அக்கா கணவர், பீர் ஊற்றி என் கையில் வைத்தார்.

"சிங்கப்பூர்க்காரன் குடிக்கலன்னா சந்தேகப்படுவாங்க மச்சான்" என்று காதில் கிசுகிசுத்தார். "ஒரு கிளாஸ்தான. மானத்தக் காப்பாத்துலா."

என் உசிரைவிடப் பெரிய மானம்! பொய் சொல்வானேன், எனக்கு நாக்கும் ஊறியது. மாப்பிள்ளையின் அப்பா எதிரேதான் இருந்தார். கிளாஸைக் கீழே வைத்தேன்.

"நான் சிங்கப்பூருக்குப் போனதே இல்ல. குடிய விட ஆயர் தாவார்ல இருந்தேன். இதக் குடிச்சா செத்துருவேன்."

மாப்பிள்ளையின் அப்பா தன் கிளாஸையும் தள்ளி வைத்தார். கல்யாணம் ஒன்றும் நின்றுபோகவில்லை. அக்காதான் என்னோடு பேச்சை நிறுத்தினாள்.

இதைப் படிக்கிற நீங்கள் நாளைக்கு ஓர் இல்லத்துக்குப் போகலாம். உங்கள் வீட்டிலும் உங்களுக்கு ஒரு சிங்கப்பூரைத் தயார் செய்வார்கள். தயவுசெய்து அந்த ஊருக்குப் போகாதீர்கள்.

முன்பு என் பொழுது ஒரு கிளாஸிலிருந்து அடுத்த கிளாஸ் வரைதான். இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் முடியவே மாட்டேன் என்கிறது. கையில் இன்னும் கொஞ்சம் நடுக்கம் இருக்கிறது. அது பாட்டுக்கு நடுங்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

நான் மறுபடி சிங்கப்பூருக்குப் போய்விட்டதாக அக்கா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். நான் அவள் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி உட்கார்ந்து, சிந்தச் சிந்தத் தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கிறேன்.