ஏழாவது நிமிடத்தில் கூப்பிட்டார்கள்

போன செவ்வாய்க்கிழமை என் மகளுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது.

காலையில் வயிற்று வலி என்றாள். பத்தாம் வகுப்பு. பரீட்சை பயமாக இருக்கும் என்று நினைத்தேன்... வலி வலப்பக்கம் இறங்கியதும் ஆரணியிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். புது கம்ப்யூட்டர், டோக்கன், சுவரில் பலகை — ‘இங்கே பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் காத்திருப்பதில்லை.’ நானே நாலு பேரிடம் புகழ்ந்து சொன்ன இடம்தான்.

ஏழாவது நிமிடத்தில் கூப்பிட்டார்கள். நர்ஸ் டோக்கனை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு உள்ளே அனுப்பினார். உள்ளே டாக்டரா இருந்தார்? நீளமான பெஞ்ச். அதில் பதினைந்து பேர்!

“இன்னா சார் முழிக்கிறீங்க?” பெஞ்சில் இருந்த நெசவுக்கார அம்மா சிரித்தார். “உள்ள வந்து குந்திட்டா வெயிட்டிங் முடிஞ்சிடுச்சாம். தறியில இருந்து அறுக்காத புடவைய முடிஞ்ச கணக்குல சேத்தா எங்க முதலாளி உடுவாரா?”

நானும் சிரித்தேன். உள்ளே வந்தாயிற்று, இனி நம் முறைதான் என்று நம்பி இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

“அப்பா, தாங்க முடியலப்பா...”

“இதோ கூப்டுருவாங்கம்மா.”

எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?

திடீரென்று, “வலி கொறஞ்சிடுச்சிப்பா” என்றாள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். குடல்வால் வெடித்ததே அப்போதுதான் என்று, பிறகு வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அங்கே ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். என்ன அப்பன் நான்?

துணிமணி எடுக்க ஊருக்கு வந்தபோது அந்த நர்ஸிடம் போய்க் கத்தினேன். “கொழந்த துடிச்சிகினு இருந்தத நீங்க பாக்கலியா சிஸ்டர்?”

“பாத்தேன் சார்.” அவர் கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பினார். “வெளிய பத்து நிமிஷம் தாண்டி யாராச்சும் குந்தியிருந்தா எனக்கு மெமோ சார். உள்ள எவ்ளோ நேரம் ஆனாலும் ஒருத்தரும் கேக்கறதில்ல. நான் வெளிய இருக்கறவங்களத்தான் பாத்துகினு இருந்தேன்.”

யாரைத் திட்டுவது?

அளப்பது தப்பில்லை. ஆனால் எதை அளக்கிறோம்? வைத்தியம் நடந்ததையா, வெளியே காத்திருக்கும் ஹால் காலியானதையா? அன்றைக்கு ஹால் என்னவோ காலியாகத்தான் இருந்தது.

நிர்வாகத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே பதில் வந்துவிட்டது — என்ன வேகம்! ‘தங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது.’

என் மகள் இன்னும் ஐ.சி.யூ.வில்தான் இருக்கிறாள்.