மத்தியான உபவாசம்

கணவர் இறந்தபின் அவர் பார்த்த ஆபீசிலேயே எனக்கு வேலை கிடைத்தது. கருணை அடிப்படையில் நியமனம் என்பார்கள். கருணையெல்லாம் அந்த உத்தரவோடு தீர்ந்துவிட்டது என்றுதான் முதல் குளிர்காலம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. டெல்லி கிட்வாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவர் சாமுவேல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீடு, சர்ச், காய்கறிச் சந்தை, இதைத் தாண்டி டெல்லியை நான் பார்த்ததில்லை. இந்தியில் 'நஹி' என்று மறுப்பேன், 'கித்னா' என்று விலை கேட்பேன், அவ்வளவுதான். இப்படிப்பட்டவளை அவர் இருந்த அதே செக்‌ஷனில், அவர் மேஜையிலேயே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. புரொபேஷன் முடியும்போது செக்‌ஷன் ஆபீசர் என்னைத் தகுதியானவள் என்று சொல்ல வேண்டும். டைப்பிங் தேர்விலும் தேற வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பேன்? இந்த ஒரு கேள்விதான் பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தச் செக்‌ஷன் ஆபீசர் சோப்ரா மேடம். பஞ்சாபிக்காரர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். நான் டைப் செய்த தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். பிறகு அதை எல்லோர் முன்னாலும் என் மேஜைமேல் வீசுவார். "சாமுவேல் கி பீவி ஹோ தும்?" என்பார். நீ சாமுவேலின் மனைவிதானா என்று அர்த்தம். சாமுவேல் ஒரு மணி நேரத்தில் முடித்த வேலையை இவள் ஒரு நாளாகப் போட்டுக் குழப்புகிறாள் என்று பியூன் முதல் பக்கத்துச் செக்‌ஷன் வரை கேட்கும்படி சொல்வார். செத்துப்போன புருஷனோடு என்னை ஒப்பிட்டுத் திட்டுவார். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வருவேன். காலையில் ரிசைன் பண்ணிவிடலாம் என்று தோன்றும். சாயங்காலம் பிள்ளைகள் முகத்தைப் பார்த்ததும் கூடாது என்று தோன்றும். மறுநாள் காலை மறுபடியும் ரிசைன்.

சனிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் இதைச் சொல்லி அழுதேன். பக்கத்து பிளாக் மேரி அக்காவும் திருநெல்வேலிப் பக்கம்தான். அவள் சொன்னாள், "ஏட்டி, அழுதுகிட்டே இருந்தா ஆச்சா? உபவாசம் எடு. அந்தப் பொம்பளைகிட்ட இருந்து கர்த்தர் ஒனக்கு விடுதல தருவாரு."

எனக்கு அது பிடித்துப்போயிற்று. விடுதலை கிடைக்கும்வரை ஆபீஸ் நாட்களில் மத்தியானம் சாப்பிடுவதில்லை என்று பொருத்தனை செய்துகொண்டேன். டப்பா கொண்டுபோவதையே நிறுத்தினேன்.

எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் ஆனால் மேஜைகளை ஒன்றாகச் சேர்ப்பார்கள். பழைய பேப்பரை விரிப்பார்கள். எல்லோர் டப்பாவும் நடுவில் வந்துவிடும். யாருடையது யாருக்கு என்கிற பேச்சே கிடையாது. சோப்ரா மேடம் தன் டப்பாவிலிருந்து முள்ளங்கிப் பராட்டாவைப் பிய்த்துப் பிய்த்து ஒவ்வொருவர் முன்னாலும் வைப்பார். காலையில் யாரைக் கிழித்துத் தோரணம் கட்டினாரோ அவருக்கும் அதில் பங்கு உண்டு. எனக்கும் நீட்டினார். நான் கையை ஆட்டி, "நஹி மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். பின்பக்கப் படிக்கட்டில் யாரும் வராத ஓர் இடம் இருந்தது. அங்கே முழங்கால் போட்டு ஜெபிப்பேன்.

உபவாசம் இருப்பது மனுஷருக்குத் தெரியக் கூடாது என்று நாம் வேதத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? வாடின முகத்தோடு திரியக் கூடாது. அதனால் ஜெபம் முடிந்ததும் முகம் கழுவி, தலை வாரி, பவுடர் பூசி, பளிச்சென்று உள்ளே வருவேன். வயிறு இரைந்தால் தண்ணீர் குடித்துக்கொள்வேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாளும் மேடம் நீட்டினார், நான் எழுந்து போனேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. கொஞ்ச நாளில் நீட்டுவதை நிறுத்திவிட்டார்.

விடுதலை வரவில்லை. திட்டுதான் கூடியது. முன்பு தாளை வீசியவர் இப்போது என் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "ஏ மதராசி" என்பார். தண்ணீர்க் கூஜாவை என் மேஜையிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைக்கச் சொன்னார். டைப்பிங் தேர்வு எழுதினேன், தோற்றேன். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் என்றார்கள். நான் உபவாசத்தை இன்னும் இறுக்கினேன். காலை இட்லியையும் விட்டேன். ஆண்டவரே, எதிரியின் வாயை அடைத்துவிடும் என்று படிக்கட்டில் நெற்றியை வைத்து அழுதேன். பூட்டிய கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து உபவாச காலம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் என்னால் முக்கியமான தபால் ஒன்று தப்பான செக்‌ஷனுக்குப் போய்விட்டது. மேடம் எழுந்து நின்று கத்தினார். "உனக்கு இங்கே வேலை செய்யவும் பிடிக்கவில்லை, எங்களோடு இருக்கவும் பிடிக்கவில்லை. நீ லாயக்கில்லை என்று சொல்லிவிடப் போகிறேன். மதராசுக்கே போ." அந்த இந்தி முழுவதும் எனக்குப் புரிந்தது. அதுதான் வேதனை. புரியாமல் இருந்திருக்கலாம்.

சாயங்காலம் எங்கள் சார்ட்டர்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மாதச் சந்தா கட்டி ஆபீஸ்காரர்கள் சேர்ந்து போகிற பஸ் அது. பக்கத்துச் செக்‌ஷன் ராமநாதன் சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கும்பகோணத்துக்காரர், என் கணவருக்குச் சிநேகிதர்.

"நானே கேக்கணும்னு இருந்தேன். நீங்க மத்தியானம் எங்கம்மா சாப்பிடறேள்?" என்றார்.

"நான் சாப்பிடுததே இல்ல சார்."

"இதென்ன கூத்து. சோப்ரா மேடம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டா, 'உங்க மதராசி அம்மா உங்ககூடதான் சாப்பிடறாளா'ன்னு. எங்க பக்கம் வரதே இல்லைன்னேன். அவாளுக்கு மொகமே தொங்கிப்போச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உபவாசம் என்று அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

"எதுக்கு உபவாசம்?"

"மேடம்ட்ட இருந்து விடுதல கெடைக்கணும்னு ஜெபம் பண்ணுதேன் சார்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, கண்டக்டர் திரும்பிப் பார்த்தான்.

"ஏம்மா, அவா கையால குடுக்கற சாப்பாட்டை வேண்டாம்னு தள்ளிட்டு, அவா கோபம் தணியணும்னு வேண்டிண்டேளா? இங்க உள்ளவாளுக்கு அது எவ்ளோ பெரிய அவமானம் தெரியுமோ? நான் வெங்காயம் பூண்டு சேத்துக்கறதில்லை, அது அவாளுக்குத் தெரியும், விட்டுட்டா. நீங்க ஏன் ஒதுங்கறேள்னு அவாளுக்குத் தெரியாது. சாமுவேல் சார் அந்த மேஜைல தினம் சாப்பிட்ட மனுஷர். பொண்டாட்டி நம்மளத் தொட்டா தீட்டுன்னு நெனைக்கறாளோன்னுதான் அவா நெனைச்சிருப்பா."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்கிறேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர் எனக்கு உபவாசத்தைப் பற்றிப் பாடம் எடுப்பதா? என் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கி நடந்தேன். வீட்டுக்குப் போய் சமைத்தேன், சாதம் குழைந்தது. பிள்ளைகள் பேசியது காதில் விழவில்லை. பொருத்தனை செய்தால் நிறைவேற்றித்தான் ஆக வேண்டும் என்று வளர்ந்தவள் நான். ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை ஒரு முள்ளங்கிப் பராட்டாவுக்காக விடுவதா? விடாவிட்டால் வீடு போகும். விட்டால் ஆண்டவர் என்ன நினைப்பார்? சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

விடியற்காலையில் முழங்கால் போட்டேன். வழக்கமான ஜெபம் வாயில் வரவில்லை. 'சோப்ரா மேடம்' என்று அந்தப் பெயரை மட்டும் சொன்னேன். சொன்னதும் அவர் கை ஞாபகம் வந்தது. முதல் நாள் என் முன்னால் நீட்டிய கை, நான் எழுந்து போனபோது அந்தரத்தில் நின்ற கை. இத்தனை மாதமும் அவர் வாயைப் பற்றியே ஆண்டவரிடம் பேசியிருந்தேன். கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. "ஆண்டவரே, நீர்தான் எனக்காகப் பேசணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அன்று மத்தியானம் மேஜைகள் சேர்ந்தன. நான் எழுந்து போகவில்லை. எனக்கென்று டப்பா இல்லை. எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. அவரே கொடுப்பார், வாங்கிக்கொண்டால் போதும் என்று எண்ணிப் போயிருந்தேன். அவர் கொடுக்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது, நான் கேட்க வேண்டும். அன்பானவர்களே, திட்டு வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நிற்பது எனக்கு எளிதாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணிடம் கை நீட்டிக் கேட்பது என்னவோ உயிர் போகிற மாதிரி இருந்தது.

"மேடம்," என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடியும், "மேடம், முஜே பி தீஜியே." எனக்கும் கொடுங்கள்.

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அதே அதட்டல் குரலில், "ஹாத் தோயா?" என்றார். கை கழுவினாயா என்று கேட்கிறார்! ஓடிப்போய்க் கழுவிக்கொண்டு வந்தேன். பிய்த்த துண்டு இல்லை, முழுப் பராட்டா ஒன்றை ஊறுகாயோடு என் முன்னால் வைத்தார். எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில், நான் விரதம் இருந்தேன், உங்கள் சாப்பாட்டை வெறுக்கவில்லை என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு பராட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், யாருக்கும் கொடுக்காமல். எனக்குக் கண்ணீர் வந்தது. ஊறுகாய் காரம் என்று சொல்லி வைத்தேன்.

மறுநாளே மேடம் தேவதையாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். மறுநாளும் திட்டினார். கத்துவது தப்புதான், அதை நான் நியாயம் என்று சொல்லவில்லை, அவரிடமே ஒரு நாள் சொல்லவும் செய்தேன். அதற்கும் திட்டினார். ஆனால் 'மதராசி' போய், பெயர் வந்தது. கூஜா திரும்பி வந்தது. சாயங்கால டீக்குப் பிறகு தன் மேஜைக்குப் பக்கத்திலேயே டைப்ரைட்டரைப் போடச் சொல்லி, "ஜல்தி, ஜல்தி" என்று என்னை விரட்டினார். ஆண்டவரின் கிருபையும் மேடத்தின் கத்தலும் சேர்ந்து இரண்டாவது தேர்வில் நான் தேறினேன்.

புரொபேஷன் முடிகிற வாரம் பெரிய அதிகாரி மேடத்தைக் கூப்பிட்டார். நான் வெளியே நின்றேன். அந்த அறைக்குப் பாதிக் கதவுதான். மேடத்தின் குரலுக்குக் கதவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். "மெதுவாகத்தான் செய்கிறாள். தப்பும் செய்கிறாள். திட்ட நான் இருக்கிறேன். அவள் எங்கள் ஆள், இங்கேயே இருக்கட்டும்" என்று இந்தியில் சொன்னது என் காதில் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். வேலை நிலைத்தது. என் பிள்ளைகள் இருவரும் அந்த வீட்டிலிருந்தே படித்து முடித்தார்கள். ஆண்டவருக்கே துதி.

உபவாசம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இன்றும் இருக்கிறேன், லீவு நாட்களில். வேலையிடத்தில் ஒருவர் உங்களைப் பாடாய்ப் படுத்துகிறாரா? அவருக்காக ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு அவரிடம் போய் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். ஒரு பேனாவோ, ஒரு வாய்ச் சாப்பாடோ, எதுவாகவும் இருக்கட்டும். நம் ஆண்டவர் வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர், அவருக்கு என்ன குறை? அவரும் ஒரு மத்தியானம் கிணற்றடியில் உட்கார்ந்து, தம் ஜனங்கள் ஏறெடுத்தும் பார்க்காத வேற்று இனத்துப் பெண் ஒருத்தியிடம், குடிக்கத் தண்ணீர் கேட்டார்.