எக்ஸ்ரே அறைக்குள் ஓர் ஆள்

கரண்டைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டர் பேங்கில் சார்ஜ் ஏறத் தொடங்கும்போது ரிலே ஒன்று 'டொக்' என்று விழும். கண்ட்ரோல் அறையில் இருந்து அந்தச் சத்தத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மெஷின் அறைக்குள் நின்று கேட்டேன்.

சங்ககிரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் பிளாஸ்மா லேபில் டெக்னீசியனாக இருந்தேன். முடியைவிட மெல்லிய இரண்டு கம்பிகளைக் குறுக்காக வைத்து, பேங்கில் சேர்த்த கரண்டை ஒரேயடியாகப் பாய்ச்சுவோம். கம்பிகள் தொடும் இடம் பிளாஸ்மாவாகி, ஊசிமுனையைவிடச் சிறிய புள்ளியில் இருந்து எக்ஸ்ரே பீறிடும். ஆஸ்பத்திரி டியூபில் பல எனர்ஜி கலந்து வரும். இங்கே கம்பியின் உலோகத்தையும் முன்னால் வைக்கும் ஃபாயிலையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், ஏறக்குறைய ஒரே எனர்ஜிதான் ஃபிலிமுக்குப் போகும். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளியை அழிக்கிற மாவுப்பூச்சியின் கால்கூட அந்தப் படத்தில் தெளிவாகத் தெரியும்.

எங்களுக்கு எக்ஸ்ரேயைவிட பேங்கை நினைத்துத்தான் பயம். சார்ஜ் இருக்கும்போது தொட்டால் ஆள் மிஞ்சமாட்டான்.

தூசி ஆகாது என்பதால் செருப்பை வாசலில் விட்டுத்தான் மெஷின் அறைக்குள் போவோம். அதனால் யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் வந்துவிட்டது. வாசலில் செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. சார்ஜ் போடும் டாக்டர் கவிதா மேடமும் அதைத்தான் பார்ப்பார்.

எனக்குச் சர்க்கரை. காலில் புண் வந்ததும், வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அன்று செருப்பைத் துடைத்துவிட்டு, காலில் போட்டபடியே உள்ளே போனேன். கம்பிகளை வைக்கும் வேக்குவம் சேம்பருக்குப் பின்னால் குனிந்து ஃபிலிம் ஸ்டாண்டின் ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தபோது கதவு சாத்தப்பட்டது. ரிலே விழுந்தது.

வேக்குவம் பம்ப் இரைச்சலில் கத்தினால் கேட்காது. கதவுக்குப் போவதென்றால் பேங்கை உரசிக்கொண்டு போகவேண்டும். பிள்ளைகளை நினைத்தேன். அல்லாவைக் கூப்பிட்டேன். பிறகு செருப்பைக் கழற்றி, கண்ட்ரோல் அறைக் கண்ணாடியை நோக்கி எறிந்தேன். முதல் செருப்பு வழியிலேயே விழுந்தது. அடுத்தது கண்ணாடியில் பட்டது.

மேடம் டம்ப் ஸ்விட்சை அழுத்தினார். சார்ஜ் ரெசிஸ்டருக்குள் இறங்கிவிட்டது. கதவைத் திறந்தவர் என்னிடம் ஓடி வரவில்லை. மிச்சச் சார்ஜும் தரைக்கு இறங்க எர்த் ராடை எடுத்து பேங்கில் மாட்டிவிட்டுத்தான் வந்தார். அந்தப் பதற்றத்திலும் முறையை விடாதவர் மேல் அன்று வந்த மரியாதை எனக்கு இன்னும் குறையவில்லை.

"ஏனுங்க பாய், உள்ள போறேன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா? நான் வாசலப் பாத்துட்டுத்தானுங்க போட்டேன்."

"நீங்க பாத்தது சரிதான் மேடம். செருப்பு என் கால்ல இருந்துச்சு."

அவர் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

பிறகு, கதவு திறந்திருந்தால் சார்ஜ் ஏறாதபடி இன்டர்லாக் வைத்தார்கள். உள்ளே சிவப்பு ஸ்டாப் பட்டனும் வந்தது. மேடம் அதோடு விடவில்லை. கரண்டைப் பாய்ச்சும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் லேபில் இருக்கும் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் வந்தால்தான் சார்ஜ் போடும் சாவியைத் திருப்புவார். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: ஆள் இல்லை என்பதற்கு அடையாளம் தேடாதீர்கள், ஆளையே கேளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று, கடைசி ஷாட்டைப் பார்க்க மேடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சாவியில் கை வைத்தவர், கண்ணாடி வழியே மெஷினைப் பார்த்தபடியே கேட்டார்.

"பஷீர் பாய்?"

யாரும் சிரிக்கவில்லை.

"வெளியதான் இருக்கேன் மேடம்" என்றேன்.

அதற்கப்புறம்தான் சாவியைத் திருப்பினார்.