கல்யாணமான பிறகு பெண் வீட்டை விசாரித்தவன்

ஆட்டிசம் என்பது பெண் வீட்டுச் சீரோடு, பித்தளை அண்டாவுக்குள் ஒளிந்து வருவது என்று முழுமனதாக நம்பியவன் நான். இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. திண்டுக்கல் டவுனில் வேலை, தினமும் பேப்பர் படிப்பு எல்லாம் உண்டு. இருந்தும் நம்பினேன். வசதியாக இருந்தது.

மகளுக்கு நாலு வயது. ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சோடா மூடிகளை வரிசையாக அடுக்குவாள். ஒன்று நகர்ந்தால் தெருவே கூடும்படி அழுவாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். பேச்சுப் பயிற்சியை உடனே தொடங்கச் சொல்லிவிட்டு, "இது பரம்பரையிலயும் வரலாம். ரெண்டு குடும்பத்துலயும் லேட்டா பேசினவங்க, ஒட்டாம இருக்கறவங்க யாராச்சும் உண்டான்னு கேட்டுட்டு வாங்க" என்றார்.

'உடனே' என் காதில் விழவில்லை. 'பரம்பரை' மட்டும் விழுந்தது. திரும்பும்போது பஸ்ஸில் மனைவி சொன்னாள்: "இந்த வாரமே ஆரம்பிச்சுருவோம்ங்க."

"மொதல்ல எந்தப் பக்கம்னு தெரியட்டும்."

"தெரிஞ்சா பாப்பா பேசிருமா?" என்றவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் பக்கமாக இருந்துவிடுமோ என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்து, இதோ அதோ என்று இரண்டு மாதத்தைக் கடத்தினேன்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டைப் பற்றி டீக்கடையில் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் போனேன். மாமனார் ஊர் வடமதுரைக்குப் பக்கம். அந்த ஊர் டீக்கடையில் நான் தலைகாட்டியதே இல்லை. கொழுந்தியாளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் என்பதால், நத்தத்திலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்று அடித்துவிட்டேன்.

"குடும்பம் எப்படிண்ணே?"

"தங்கமான குடும்பம் அப்பு. பொண்ணோட சித்தப்பா ஒருத்தரு மட்டும் ஆட்டுக்கிட்டதான் பேசுவாரு, மனுசங்கிட்ட பேச மாட்டாரு."

எனக்கு உச்சி குளிர்ந்தது. சிட்டையில் குறித்துக்கொண்டேன்.

"ஆனா ஒன்னு, மறைக்கப்படாது" என்றார் கடைக்காரர். "மூத்த மருமகன் திண்டுக்கல்லு. ஆளு ஒரு மாதிரி."

பேனா நின்றது. "ஒரு மாதிரின்னா?"

"இந்தப் பொண்ணு சடங்குக்கு வந்தவரு, வாசல்ல கெடந்த செருப்பையெல்லாம் சின்னது பெருசு பாத்து அடுக்கிக்கிட்டே நின்னாராம். பந்தியில ரசம் கூட்டுல பட்டுருச்சுன்னு வேற இலை கேட்டாராம். சமைச்சது எம் மச்சான்தான், அவன் சொன்னான்."

பெஞ்சிலிருந்த பெரியவரும் சேர்ந்துகொண்டார். "அவுக அப்பாரும் அப்படித்தானாம்ல. ஆயுசுக்கும் ஒரே டவுன் பஸ்சு, ஒரே சீட்டு. வேற ஆளு உக்காந்தா எறங்கிருவாராம்."

"பொண்ணைத் தாராளமா எடுக்கலாம் அப்பு" என்று முடித்தார் கடைக்காரர். "அந்த மருமகனை மட்டும் கண்டுக்கிறாதீக."

பாதி டீயை வைத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி சிரிக்கக்கூட இல்லை. "இது ஊருக்கே தெரியுமேங்க. நாளைக்கு டாக்டரம்மாகிட்டயும் சொல்லிருங்க."

மறுநாள் ஆடு, செருப்பு, ரசம், பஸ் சீட் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"இது ஒரு ஆளுகிட்டருந்து ஒரே பொட்டலமா வர்றதில்ல சார்" என்றார் அவர். "பெரும்பாலும் சின்னச் சின்னதா நிறைய ஜீன் சேர்ந்து வர்றது. அதுல கொஞ்சம் கொஞ்சம் எல்லார்கிட்டயும் இருக்கு, என்கிட்டயும் இருக்கு. செருப்பு அடுக்குறதெல்லாம் நோய் இல்ல. எந்தப் பக்கம்னு கோடு போட முடியாது. அது கிடக்கட்டும், பயிற்சி எப்படிப் போகுது?"

"இன்னும் ஆரம்பிக்கல."

"ரெண்டு மாசமா என்ன பண்ணுனீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சிட்டையை மூடிப் பையில் வைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியது. இரண்டு மாதம் தாமதம். மகள் ஆறு வயதை நெருங்கும்போது முதல் வார்த்தை பேசினாள். "தோசை" என்றாள். மனைவி சுட்டுக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் இல்லை.