திரையில் ஓடிய முதுகு

அந்தக் கல்குவாரியில் பாறை வெடிக்குத் திரி கொளுத்துகிறவர்கள் இரண்டே பேர்: வெடிக்காரரும், அவர் மனைவியின் தம்பியும். திரியில் நெருப்பு வைத்தவன் ஓடக்கூடாது என்பது தொழிலில் சொல்லித் தரும் முதல் பாடம். கல்லில் இடறி விழுந்தால் கதை முடிந்தது. வெடிக்காரர் ஒரு நாளும் ஓடியதில்லை. விறுவிறுவென்று நடந்தே மறைவுக்கு வந்துவிடுவார்.

அந்த நடைதான் அவருக்கு வினையானது.

குவாரித் தொழிலாளிகளைப் பற்றிச் சண்டைப்படம் எடுக்க ஒரு கூட்டம் வந்து இறங்கியது. கதாநாயகனுக்குப் பதிலாகத் திரி கொளுத்த முதலில் இவரைத்தான் கூப்பிட்டார்கள். கொளுத்தினார், நடந்தார். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னய்யா, பொண்ணு பாக்கப் போற மாதிரி நடக்கற? உயிர் போகப் போகுதுய்யா, ஓடு!"

"ஓடினாத்தாங்க போகும்."

மச்சினன் ஓடினான். காலில் கொதிநீர் கொட்டியதுபோல் ஓடினான். படத்தில் தெரிந்தது அவன் முதுகு மட்டுமே. ஆனாலும் அன்றிலிருந்து ஊருக்கே அவன் 'ஹீரோ'.

இருவருக்கும் தலை நரைத்த பிறகு அதே படம் மறுபடி கொட்டகைக்கு வந்தது. குடும்பத்தோடு போனார்கள். அந்த முதுகு வந்ததும் மனைவி எழுந்தே நின்றுவிட்டாள்.

"என் தம்பி! பாத்தீங்களா, என்னா வேகம்!"

வெடிக்காரருக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தக் கண்ணால் அவள் தன்னைப் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு தடவை அவள் அப்படிப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

மறுநாள் குவாரியில் லாரிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஹீரோ, அந்த ஓட்டத்த ஒரு வாட்டி காட்டுங்க!" திரியைக் கொளுத்திவிட்டு, தொப்பை குலுங்க ஓடினான் மச்சினன். பாதி வழியில் கால் மடங்கி விழுந்தான்.

'நல்லா வேணும்டா' என்றுதான் வெடிக்காரர் மனம் முதலில் சொன்னது. அது சொல்லி முடிப்பதற்குள் அவர் ஓடிக்கொண்டிருந்தார். அக்குளில் கைகொடுத்துத் தரதரவென்று இழுத்துவந்து பாறைக்குப் பின்னால் தள்ளினார். வெடி அதிர்ந்தது.

சாயங்காலம், காலில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் மச்சினன் சொன்னான்:

"மாமா ஓடினாரு பாருங்க! நான் ஓடினதெல்லாம் ஒரு ஓட்டமா? அந்த டைரக்டர் பாத்திருந்தா என்னைத் தொரத்தி விட்டிருப்பான்!"

கையை வீசினான், கண்ணை உருட்டினான், வாயாலேயே வெடி வெடித்தான். அறையே சிரித்தது.

சுவரோரம் இருந்த வெடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் கண்கள் அகல விரிந்திருந்தன. தம்பியின் முகத்தைவிட்டு அவை நகரவில்லை.

"அடேயப்பா, நீ சொல்றப்ப நேர்ல பாத்த மாதிரியே இருக்குடா!"