இலையில்லாமல் பூத்த செடி

ஜெர்மனியில், ஹாம்பர்க்கில் பனி முழுதாக உருகுமுன்பே எங்கள் வாடகை வீட்டுத் தோட்டத்தில் ஒரு மொட்டைக் குச்சி பூத்துவிட்டது. இலை ஒன்றுகூட இல்லை. குச்சியை ஒட்டி இளஞ்சிவப்புப் பூக்கள். கதவைத் திறந்தால் ஆளைத் தூக்கும் வாசம். தூத்துக்குடியில் இலை கொட்டிக் குச்சியானது அடுப்புக்குத்தான். இதையும் மார்கழியில் பிடுங்கப் போனேன், மண் உறைந்து கிடந்ததால் தப்பியது. அன்றே தொலைந்திருக்கலாம்.

ஊரில், துறைமுக நிலக்கரித் தூசி படிந்த எங்கள் வீட்டுப் பிச்சிக்கொடியை உதறித்தான் பூப்பறிப்போம். வாசம் இருந்தால் தலைக்கு, இல்லாவிட்டால் சாமிக்கு. பூவை இனங்காண எங்களுக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். அரளி விஷம் என்று தெரியும். வாசமுள்ளதும் கெடுதல் செய்யும் என்று யாரும் சொன்னதில்லை.

ஆகவே பறித்தேன், நூலில் கட்டினேன், நூலைப் பல்லால் கடித்து அறுத்து, நாலு வயது மகள் தாரணிக்குச் சூடிவிட்டேன். பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மாள் வேலிக்கு அப்பால் நின்று, "நைன், நைன்", வேண்டாம் வேண்டாம் என்று தன் தலையைத் தொட்டுக் கையை உதறினார். பூ வைப்பது இவர்களுக்கு ஆகாது போலும் என்று எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையை உள்ளே அழைத்துக்கொண்டேன்.

மாலைக்குள் என் உதடு எரிந்தது. தாரணியின் பின்கழுத்தில் கொப்புளம். தூத்துக்குடித் துறைமுகத்தில் லாரி ஓட்டும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஏளா, வாசப்பூ என்ன பண்ணும்? கண்ணு பட்டிருக்கும், உப்பு மொளகா சுத்திப் போடு" என்றான். சுற்றிப் போட்டேன். கொப்புளம் காதுவரை ஏறியது.

மருத்துவர் நான் எடுத்த படத்தைப் பார்த்து, "டாப்னி" என்றார். பட்டை, பூ, இனி வரப்போகும் சிவப்புப் பழம், எல்லாம் விஷமாம். "வாயில் போட்டாளா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். ஒரு தாய் சொல்லக்கூடிய பதிலா அது?

பிள்ளை பிழைத்தாள். வீட்டு உரிமையாளரோ செடியை வெட்ட ஒப்பவில்லை, அழகாம். பழம் சிவக்குமுன் தாரணிக்குப் பயத்தை ஊட்டினேன்: மணக்கும் பூவைத் தொட்டால் செத்துப்போவாய்.

கோடை விடுமுறைக்கு, கணவருக்கு லீவு கிடைக்காததால், நானும் தாரணியும் மட்டும் ஊருக்கு வந்தோம். அண்ணன் தாரணிக்குப் பிச்சிச்சரம் நீட்டினான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "மணக்குது மாமா. தூரப் போடுங்க."

"பிள்ளைக்கு என்னத்தளா சொல்லிக் குடுத்திருக்க?" என்றான் அண்ணன். அவன் முகம் வாடியது பொறுக்காமல் சரத்தை நான் தலையில் வைத்துக்கொண்டேன். தாரணி வீறிட்டு அழுதாள். என்னிடம் வரவே மாட்டேன் என்றாள். எடுத்துவிட்ட பிறகுதான் மடிக்கு வந்தாள். அதன்பின் நான் பூவே வைக்கவில்லை.

மறுநாள் அடுத்த வீட்டு அக்கா என் வெறுங்கொண்டையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஏளா, மாப்பிள்ளை அங்கன நல்லாத்தான இருக்காரு?"