சுவாதி நட்சத்திரத்துக்கு வந்த கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் வாங்கியதிலேயே எனக்குக் கடைசி வரை பிடிபடாத சாமான் ஒன்று உண்டு. அது கம்ப்யூட்டரா, டைப் அடிக்கிற மிஷினா, விளையாட்டுச் சாமானா என்று இன்றைக்குக் கேட்டாலும் முழிப்பேன். வாங்கினார் என்று சொல்வதே சரிதானா தெரியவில்லை. எந்தக் கடையிலும் இல்லாத, இன்னும் செய்தே முடிக்காத ஒன்றுக்கு முன்னாடியே காசு கட்டினார். அதற்கு என்ன பெயரோ.

அவர் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் சுங்கைப் பட்டாணி டவுனில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கம்ப்யூட்டர் இருந்ததாம். கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடக்கம். டிவியில் மாட்டி, கேசட்டைப் போட்டால், கீச்சுக் கீச்சென்று கத்தித் தீர்த்துவிட்டு ஒரு விளையாட்டு வருமாம். குடியிருந்த ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாராம். அதைச் செய்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். இப்போது வெளிநாட்டில் யாரோ சிலர், அதையே புதிதாகச் செய்யப்போகிறோம், ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து காசு போடுங்கள் என்று இண்டர்நெட்டில் கேட்டிருக்கிறார்கள். கூலிம் டவுன் ஃபேக்டரியில் நாள் முழுக்க மிஷினோடு மல்லுக்கட்டுகிற மனுஷனுக்கு, வீட்டிலும் ஒரு மிஷின் கேட்டது.

"இல்லாத சாமானுக்கு எந்தப் பைத்தியமாவது காசு கட்டுமா?" என்றேன்.

"ஏன், நம்ம கோயில் தேருக்கு நீ கட்டலையா? தேர் வந்தப்புறமா கட்டுனோம்? ஊரே போட்டுச்சு, அப்புறந்தான் தேரு வந்துச்சு. அதே மாதிரிதான் லா."

கோயிலை இழுத்தால் நான் என்ன பேச முடியும்? சரி, இது வெள்ளைக்காரர்களின் தேர்த் திருப்பணி போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு அப்படி எடுத்துக்கொண்டது எங்கே போய் முட்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தேர் வரவில்லை. மெயில்தான் வந்தது. பட்டன் செய்கிற அச்சு சரியில்லை, பெயிண்ட் சரியில்லை, கப்பல் கிடைக்கவில்லை என்று மாசத்துக்கு ஒரு சாக்கு. அவருக்கோ அதிலும் ஒரு சந்தோஷம். கல்யாணப் பத்திரிகை வந்த மாதிரி சத்தமாகப் படித்துக் காட்டுவார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே ஊம் கொட்டுவேன்.

ஒருநாள் காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்பியவர், நெஞ்சு வலிக்குது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

கருமாதிக்கு வந்திருந்த அவருடைய அக்கா, சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் வைத்துச் சொன்னார்: "என் தம்பி வெகுளி லா. முகம் தெரியாத வெள்ளைக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டு, ஏமாந்துட்டே போயிட்டான்." எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. அவரை நான் எத்தனை வேண்டுமானாலும் திட்டுவேன், அது என் பாடு. செத்துப்போன மனுஷனுக்கு ஏமாளி என்று பட்டம் கட்ட இவர் யார்? அன்றைக்குப் பிடித்ததுதான் எனக்கு அந்த வெறி. அந்தப் பெட்டி வந்தே ஆகவேண்டும். வந்து, அக்காவின் கண் முன்னால் இருக்கவேண்டும்.

அவருடைய ஃபோனை நான் அணைக்கவில்லை. மெயில் வந்தால் ஃபோனே அதைத் தமிழில் மாற்றிக் கொடுக்கும். அந்தத் தமிழைப் படித்தால் இன்னும் பெனிங், தலை கிறுகிறுக்கும். "அன்பான ஆதரவாளரே, உங்கள் பொறுமைக்கு நாங்கள் நன்றியுள்ளவர்களாக இருக்கிறோம்" என்று இருக்கும். பொறுமையாக இருந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று இவர்களுக்கு யார் சொல்வது? சொன்னால் பெட்டி வராமல் போய்விடுமோ? தெரியாது. யாரிடமும் கேட்கவும் பயம். கேட்டால் அக்கா காதுக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை லூனாஸில் இருக்கிற கோயிலுக்குப் போவது மட்டும் விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அர்ச்சனைச் சீட்டுக் கவுண்டரில் ஒரே பாட்டுத்தான்: அவர் பேர், சுவாதி நட்சத்திரம், துலாம் ராசி. அவர் போன பிறகு முதல் தடவை கவுண்டர் முன்னால் நின்றபோது, அவர் பேரைச் சொல்ல வாய் தானாகத் திறந்து, பாதியில் நின்றது. சீட்டு எழுதுகிற அண்ணனுக்கு எங்களைத் தெரியும். பேனாவைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். நான் வெளியூரில் படிக்கிற எங்கள் மகள் பேரைச் சொன்னேன்.

அதற்கப்புறம் ஒரு மெயில். பெட்டியோடு ஒரு புத்தகம் வருமாம், காசு போட்டவர்கள் பெயரையெல்லாம் அதில் அச்சடிப்பார்களாம். உங்கள் பெயர் எப்படி வரவேண்டுமோ அப்படியே இந்தக் கட்டத்தில் எழுதுங்கள் என்று இருந்தது. கோயிலில் டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவர் பேரை அதிலேயே எழுதுகிற மாதிரி என்று நினைத்தேன். அவர் போன பிறகு நானும் ஃபேக்டரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு காலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, என்ன அடிக்கிறோம் என்ற யோசனைகூட இல்லாமல் அடித்து அனுப்பிவிட்டு ஓடினேன்.

பெட்டி வந்தேவிட்டது. கொண்டுவந்த மலாய்க்காரத் தம்பி அவர் பெயரைப் படித்து, இருக்கிறாரா என்று கேட்டான். இல்லை என்றேன். வேலைக்குப் போயிருப்பார் என்று நினைத்திருப்பான், என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

உடனே அக்காவுக்கு ஃபோன் போட்டேன். மத்தியானமே வந்துவிட்டார். பார்சலைப் பிரித்தேன். பழுப்பு நிறத்தில் ஒரு கீபோர்டு, கூடவே அந்தப் புத்தகம், அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு? டிவியில் மாட்டினேன். நீலத் திரை வந்தது, அதில் ஒரு சின்னக் கட்டம் விட்டு விட்டு மின்னியது. ஏதோ கேட்கிறது என்று மட்டும் தெரிந்தது. என்ன பதில் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை.

"பாத்தீங்களாக்கா? வந்துருச்சு. உங்க தம்பி ஏமாறல."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். எல்லாம் வாயில் நுழையாத பெயர்கள், பொடி எழுத்தில். திடீரென்று விரலை ஓரிடத்தில் வைத்து நிறுத்தினார். அவ்வளவு பெயருக்கு நடுவில், ஆங்கில எழுத்தில், நான் அடித்தது அடித்தபடியே இருந்தது. அவர் பேர், சுவாதி நட்சத்திரம், துலாம் ராசி.

"என்னம்மா இது?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது. "நட்சத்திரம் போட்டிருக்க. அது உசுரோட இருக்கிறவங்களுக்குத்தானே சொல்லுவோம்."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. கவுண்டரில் வாயில் நின்றுபோனது, கை வழியாகப் போயிருக்கிறது.

"தெரியாம அடிச்சுட்டேங்க்கா. எழுதிப் போட்டா மாத்துவாங்களா?"

அக்கா விரலை எடுக்கவில்லை.

"வேணாம். அங்கயாவது இருக்கட்டும்."